ஒரு போயா நாளில் காலி

வெள்ளவத்தையில் கடல் தெரியும் ஃபிளாட் என்றால் விலை வேறு. வீடு பார்க்க வருகிறவர்களை புரோக்கர் முதலில் பல்கனிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். எங்கட வீடு நாலாம் மாடி. மெரின் டிரைவ், தண்டவாளம், அதுக்கு அங்கால கடல் எல்லாம் அப்படியே தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துத் திரைச்சீலையை அம்மா திறக்க விடுவதில்லை. "உப்புக்காத்து, சாமான் எல்லாம் கறள் பிடிக்கும்" என்பா. வீட்டுக்கு வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள். நாங்கள் நம்புவதில்லை. ஆனால் கேட்டதும் இல்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருத்தி கலைப்பீடம், ஒருத்தன் உயர்தரம், கடைக்குட்டி ஒன்பதாம் வகுப்பு, கிரிக்கெட் பைத்தியம். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஒருத்தி எழுதுகிறாள். மற்ற இருவரும் வாசித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் வெட்டச் சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது.

திரைச்சீலை எப்போது மூடியது என்று எங்களுக்குத் தெரியும். 2012 ஏப்ரல் 11. சுமாத்ராவுக்குப் பக்கத்தில் திரும்பவும் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை என்று ரேடியோவில் சொன்னார்கள். கடைக்குட்டி அப்போது கைக்குழந்தை. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற இருவரையும் ஒரே கையால் இழுத்துக்கொண்டு படியால் இறங்கி ஓடினா. லேனில் இருந்த சனமெல்லாம் காலி வீதிக்கு வந்து நின்றது. சிலர் கையில் பாஸ்போர்ட், சிலர் கையில் நகைப்பெட்டி. காலி வீதி போதும் என்று எல்லாரும் நின்றபோது அம்மா நிற்கவில்லை. ஹவ்லொக் வீதி வரை போய்த்தான் நின்றா. அன்று அலை வரவில்லை. இருட்டினபிறகு வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அம்மா செய்த முதல் வேலை திரைச்சீலையை இழுத்து மூடியது.

அம்மா மட்டக்களப்பு, நாவலடி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின மணல் திட்டு. ஊர் அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 காலை அந்தத் திட்டின் மேலால் கடல் நடந்து போய் வாவியில் விழுந்தது. பெரியம்மாவும் அவவுடைய ஆறு வயது மகனும் போய்விட்டார்கள். பெரியப்பா வாவியில் தோணியில் நின்றபடியால் தப்பினார். எங்கட சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருவரின் படமும் இருக்கிறது. ஒவ்வொரு மார்கழியும் அம்மா படைப்பா, அன்று முழுக்கக் கதைக்கமாட்டா. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த வருடம் அந்த மௌனத்துக்குள் ஒரு டெலிபோன் கோல் வந்தது. நாவலடியில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனமாக எழுதிய காணி இருபது பேர்ச். மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைகளுக்குத்தான். கெஸ்ட் ஹவுஸ் கட்ட ஒருவர் கேட்கிறார், நல்ல விலை என்று புரோக்கர் சொன்னார். அப்பா யாழ்ப்பாணத்து ஆள், கணக்கு நேராகப் பார்ப்பார். "இருவது வருசமாச் சும்மா கிடக்கிற காணி. வித்துப்போட்டு இந்த வீட்டுக் கடனைக் கட்டுவம்" என்றார். பெரியப்பாவிடம் கேட்டபோது, "உன்ட விருப்பம்" என்று மட்டும் சொன்னார். அம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம்.

இந்த இறுக்கத்தில்தான் அப்பா திடீரென்று, "போயாவுக்கு எல்லாரும் காலிக்குப் போய்ட்டு வருவம்" என்றார். கடைக்குட்டிக்கு ஸ்டேடியம் பார்க்க வேண்டும் என்பது சாட்டு. அம்மா வரமாட்டா என்று நினைத்தோம். முதல்நாள் இரவே புளிச்சாதம் கிண்டி, அவித்த முட்டையும் வைத்துக் கட்டியிருந்தா.

கோச்சி நிரம்பி வழியும் என்று கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கே போய் ஏறினோம். காலிக்குப் போகும்போது வலப்பக்கம் கடல். எல்லாரும் அந்தப் பக்க ஜன்னலுக்கு அடிபட, அம்மா இடப்பக்கம் போய் உட்கார்ந்தா. கொஞ்ச நேரத்தில் கோச்சி எங்கட வீட்டையே கடந்தது. கீழே இருந்து பார்க்க நாலாம் மாடியில் மூடின திரைச்சீலை தெரிந்தது. வரிசையில் அது ஒன்றுதான் மூடியிருந்தது.

எங்களில் மூத்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். வாசித்ததைச் சொன்னாள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதுவும் போயா நாள். மாத்தறைக்குப் போகிற கோச்சி காலை 6.50 தாண்டி இதே ஸ்டேஷனில் இருந்து புறப்பட்டது. அப்போதைய இலங்கை நேரப்படி 6.58க்கு சுமாத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலம் நடுங்கியது. அளவு 9.1. அதாவது அந்தக் கோச்சி வெள்ளவத்தையைத் தாண்டும்போது அலை அங்கே ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. கிழக்குக் கரைக்கு அது வந்துசேர இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. அந்த நேரத்துக்குள் யாருக்கும் சொல்வதற்கு இந்து சமுத்திரத்தில் அப்போது ஒரு எச்சரிக்கை ஏற்பாடும் இருக்கவில்லை.

"காணும், விடு" என்றார் அப்பா.

"சொல்லட்டும்" என்றா அம்மா. பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, எங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னா. "அந்த லீவுக்கு நாங்களும் நாவலடியிலதான் நிக்க இருந்தம். டிக்கட் எடுத்தாச்சு. இவளுக்குக் காய்ச்சல் வந்திட்டு. அக்கா கோல் எடுத்து ஏசினவ, நான் நண்டு வாங்கி வச்சிருக்கன், நீ வராம நிக்கிறாய் எண்டு."

ஒரு வயதில் காய்ச்சல் வந்தவள் இப்போது இதை எழுதுகிறாள். அந்த நேரம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியாது. வடைக்காரர் வந்து "இஸ்ஸோ வடே, வடே வடே" என்று கத்தினார். அப்பா எல்லாருக்கும் வாங்கினார்.

அம்பலாங்கொடை தாண்டியபிறகு பெரேலிய. அந்தக் கோச்சி அங்கேதான் அகப்பட்டது. முதல் அலை வந்து கோச்சி நின்றதும், ஊர்ச்சனம் இதுதான் பாதுகாப்பு என்று குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு பெட்டிகளுக்குள் ஏறியது. அடுத்த அலை பெட்டிகளையே புரட்டியது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், 1,700 வரை என்றும் சொல்கிறார்கள். உலகத்திலேயே ஒரு ரயிலில் இவ்வளவு பேர் இறந்தது வேறெங்கும் இல்லை. இப்போது அங்கே பாமியன் புத்தரின் மாதிரியில் ஒரு பெரிய நின்ற சிலை இருக்கிறது. அலையில் அடிபட்ட எஞ்சினைத் திருத்தி, டிசம்பர் 26 தோறும் அதே இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எங்கட கோச்சி அங்கே நிற்கவில்லை. பெட்டிக்குள் கதைத்துக்கொண்டிருந்த வயதான சிங்கள ஆட்கள் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அம்மா எழும்பி, வலப்பக்க ஜன்னலடியில் போய் நின்று பார்த்தா. பிறகு வந்து இருந்தா.

காலியில் இறங்கினால் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், ஸ்டேடியம், கோட்டை எல்லாம் கூப்பிடு தூரம். அந்த பஸ் ஸ்டாண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ்கள் பொம்மை மாதிரி மிதக்கிற, ஆட்கள் எதையாவது பிடித்துத் தொங்குகிற அந்த வீடியோ இங்கேதான் எடுத்தது. இப்போது அதே இடத்தில் கொண்டக்டர்மார் "மாத்தற மாத்தற" என்று கத்துகிறார்கள், லொத்தர் விற்கிறார்கள், ஒரு பிள்ளை ஐஸ்கிறீமைக் கீழே போட்டுவிட்டு அழுகிறது. நினைவுக்கு எதுவும் மிச்சமில்லை என்று எங்களுக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. பிறகு யோசித்தால், ஒரு பஸ் ஸ்டாண்ட் வேறு எப்படி இருக்க வேண்டும்?

கோட்டை மதிலில் ஏறினோம். போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கி, ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய மதில். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அலை வந்த நாளில் புதிய நகரம் நொறுங்க, இந்தக் கல் மதில் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. மதிலில் நின்றால் ஸ்டேடியம் முழுக்கத் தெரியும், மேட்ச் நடந்தாலும் டிக்கட் தேவையில்லை. கடைக்குட்டி கமென்டரி தொடங்கிவிட்டான். 2010 ஜூலை 22, முரளி தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கட் எடுத்தது எந்த முனையில் இருந்து, ஓஜாவின் கட்சை மஹேல எங்கே நின்று பிடித்தார் என்றெல்லாம் கையை நீட்டிக் காட்டினான். பிறகு, "அம்மா, சுனாமிக்குப் பிறகு இந்த கிரவுண்டே இல்ல. எல்லாம் உடைஞ்சு, உள்ளுக்குள்ள பஸ் எல்லாம் கிடந்தது. திருப்பிக் கட்டி 2007 டிசம்பரில இங்கிலாந்தோட மேட்ச் வச்சவங்கள். மஹேல 213 நொட் அவுட். இங்கிலாந்து 81க்கு ஓல் அவுட்!"

"எத்தினை வருசத்தில கட்டினவங்கள்?" என்று கேட்டா அம்மா.

"மூண்டு வருசம்."

அம்மா ஸ்டேடியத்தின் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றா. அவ என்ன கணக்குப் பார்க்கிறா என்று எங்களுக்கு விளங்கியது. இந்த நாட்டில் சுனாமியில் செத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வடக்கு கிழக்கில். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். வந்த உதவியைப் பங்கிட அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூனில் ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்து வைத்தார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அடுத்த வருடம் திரும்பவும் சண்டை. கடற்கரையில் வீடு கட்டக்கூடாத தூரம் என்று தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வைத்தார்கள். பிறகு தளர்த்தினார்கள்தான். ஆனால் நாவலடி முழுவதுமே ஒடுங்கின திட்டு, 200 மீற்றர் விட்டால் மிஞ்சுவது என்ன? நாவலடிச் சனத்தில் பெரும்பாலானவர்களுக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். பெரியப்பாவும் அங்கேதான்.

இந்த நேரத்தில் நாங்கள் மூவரும் உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி முடித்துவிட்டோம். பார், அவங்கட ஊரை எவ்வளவு கெதியாக் கட்டினவங்கள், எங்கட ஊர் அப்படியே கிடக்கு. முகநூலில் போடுவதற்கு வசனம் கூட யோசித்தாயிற்று.

அந்த வசனத்தைக் கெடுத்தது மதிலில் அச்சாறு விற்ற ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். அன்னாசி அச்சாறும் மாங்காயும் வெரளிக்காயும். கடைக்குட்டி ஓடிப்போய் வாங்கினான். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. சந்தையில் சமாளிக்கிற அளவு. அந்தச் சிங்களத்தில், காசு கொடுத்துக்கொண்டே, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டா. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத ஆளிடம், போயா நாளில்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. தாச்சியை மூடி வைத்தா. தான் மரக்கறி வாங்க டவுனுக்கு வந்ததாகவும், ஒரு கடையின் மேல்மாடியில் ஏறித் தப்பியதாகவும் சொன்னா. வீட்டில் மகள். அவ்வளவுதான் சொன்னா, மிச்சத்தைக் கையால் காட்டினா. வீடு இருந்தது கரையோரம், அந்த நூறு மீற்றருக்குள். திருப்பிக் கட்ட விடவில்லை. உள்பக்கம் ஒரு வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது, நல்ல வீடு, சுவர் சிமெந்து. ஆனால் கடல் இல்லை. மனுசன் மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டார். தினமும் இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறா. பழைய வளவில் இப்போது ஒரு ரெஸ்டோரண்ட் இருக்கிறதாம். "அங்கே ஒரு பிளேன்டீயின் விலைக்கு நான் இதில் பத்துப் பொட்டலம் விற்க வேண்டும்" என்று சிரித்தா.

பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு யார், துவே?" என்று கேட்டா.

அம்மா "அக்கா" என்றா. சிங்களத்திலும் அக்கா அக்காதான்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா ஒரு பொட்டலம் கூடப் போட்டுக் கொடுத்தா, காசு வாங்க மறுத்தா. நாங்கள் எழுதி வைத்த தீர்ப்பு முழுதாகப் பிழை என்று சொல்லமாட்டோம். 100க்கும் 200க்கும் வித்தியாசம் இருக்கிறது, ஒரு பக்கத்தில் சண்டையும் இருந்தது. ஆனால் "அவங்கட ஊர்" என்று நாங்கள் சொன்ன ஊரில் அந்த அம்மாவுக்கும் இடமில்லை. ஊரைத் திருப்பிக் கட்டுவதும் ஊராரைத் திருப்பிக் கொண்டுவருவதும் இரண்டு வேலை என்பது எங்கட எந்த விரிவுரையிலும் இவ்வளவு துப்புரவாக விளங்கியதில்லை.

மத்தியானம் கோட்டைக்குள் நடந்தோம். வெளிச்சவீட்டுக்குக் கிட்ட, மீரா பள்ளிவாசல் பக்கம் வந்தபோது சோனக வீடுகளில் இருந்து தமிழ் கேட்டது. யாரோ ஒரு உம்மா பேரனை வெயிலுக்குள் நிற்காதே என்று ஏசிக்கொண்டிருந்தா. ஆனால் அந்தத் தெருவிலேயே வீட்டுக்கு வீடு ஹோட்டல், நகைக்கடை, கஃபே. பித்தளைப் பலகையில் இங்கிலீஷ் பெயர். வெளிநாட்டு ஆட்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிய வீடுகள் நிறைய. வடிவாகத்தான் இருக்கிறது. ஓடு, தூண், முற்றம் எல்லாம் பழையபடி பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். அம்மா ஒரு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தா. முற்றத்தில் கிணறு. கிணற்றுக்குள் பூத்தொட்டி.

"இந்த வீட்டு ஆக்கள் எங்க?" என்று கேட்டா. அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

மதில் நிழலில் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். அப்பாதான் தொடங்கினார். "நான் சொன்னது காசுக்காக மட்டும் இல்ல. நீ ஒவ்வொரு மார்கழியும் இப்பிடி இருக்கிறதைப் பாக்கேலாமல்தான். வித்தால் முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

அம்மா கோபப்படவில்லை. "எனக்கு அங்க வீடு கட்டோணும் எண்டு இல்ல. கடலுக்குப் பக்கத்தில நான் இனி நித்திரை கொள்ளமாட்டன். ஆனா வித்தா அந்தக் கிணத்துக்குள்ள பூத்தொட்டி வைப்பாங்கள்" என்றா. பிறகு போனை எடுத்து, எங்கள் முன்னாலேயே, பெரியப்பாவுக்கு அடித்தா. ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் அவர் கதைப்பது எப்போதும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"அத்தான், நாவலடியில கிணறு கிடக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கிடக்கு. கட்டு உடைஞ்சிட்டு. தண்ணி உப்பு. தென்னை மூண்டு நிக்குது, அக்கா வச்சது ரெண்டு." பிறகு, "ஏன் கேக்காய்?"

"பாக்க வாறம். புள்ளையளையும் கூட்டிட்டு" என்றா அம்மா.

இருபது வருடத்தில் அம்மா நாவலடிக்குப் போனதில்லை என்பது எங்களுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. மட்டக்களப்புக்குப் போவோம், திராய்மடுவில் நிற்போம், கல்லடிப் பாலம் வரைக்கும் போய்ப் பாலத்தில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவோம். அலையில் சரிந்துபோய் நின்ற திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைக்கூட நாங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். எவ்வளவு கிட்டப் போய் எவ்வளவு நேர்த்தியாகத் திரும்பியிருக்கிறோம்.

காணியை என்ன செய்வது என்று இன்னும் முடிவில்லை. புரோக்கருக்கு, பார்க்காமல் விற்கமாட்டோம் என்று மட்டும் அப்பா சொல்லிவிட்டார். அடுத்த பள்ளிக்கூட லீவுக்கு உதயதேவியில் ஐந்து டிக்கட். திரைச்சீலையும் இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஒரு நாள் பயணத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எழுத எங்களுக்கு விருப்பம்தான், ஆனால் அம்மா இதை வாசிப்பா.

நீங்களும் காலிக்குப் போவீர்கள், எல்லாரும் போகிறார்கள். மதிலில் நின்று படம் எடுங்கள், ஸ்டேடியத்தைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். மதிலில் அச்சாறு விற்கிற ஆட்களிடம் விலை பேசாதீர்கள்.

திரும்பி வரும்போது கோச்சியில் நிற்க மட்டும்தான் இடம். கடைக்குட்டி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான், "நாவலடியில விளையாட கிரவுண்ட் இருக்கா?"

"முந்தி இல்ல, எல்லாம் வீடு. இப்ப பெரிய வெளி. எவ்வளவும் விளையாடலாம்" என்றா அம்மா.